சம்பந்திக்கு ஒரு கிலோ வெள்ளீயம்

மேசையில் கிடந்த ஐந்து வெள்ளீயக் கட்டிகளையும் உருகிய ஈயத்துக்குள் போட்டு முடித்த பிறகுதான், அந்தச் சட்டிக்கு ஒரு விரல்நுனியளவே போதும் என்பது யோகராசாவுக்குத் தெரியவந்தது.

யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை. ஹால்வோர் கோப்பி எடுத்துவர வீட்டுக்குள் போயிருந்தார். கராஜுக்குள் யோகராசா தனியாக நின்றார். வந்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் பிறவியிலேயே வராத வித்தை. கலியாண வீட்டுக்குப் போனால் கதிரை அடுக்குவார், செத்த வீட்டுக்குப் போனால் பந்தல் கட்டுவார். இங்கே அடுக்கக் கதிரையுமில்லை, கட்டப் பந்தலுமில்லை. சட்டியில் ஈயம் தளதளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கட்டிகள் சும்மா கிடந்தன. போட்டார்.

கோப்பித் தட்டோடு வந்த ஹால்வோர் வெறும் மேசையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்து மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு யோகராசாவின் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாவற்றையுமா?" என்று நோர்வேஜியனில் கேட்டார்.

"எல்லாவற்றையும்தான்," என்றார் யோகராசா, வேலையை முடித்தவரின் பெருமிதத்தோடு.

"இவ்வளவு போட்டால் போதும் என்றுதான் இதில்..." ஹால்வோர் தன் சுண்டுவிரலின் நுனியைக் காட்டினார். உடனே அந்த விரலை மடக்கிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாததா. தெ கோர் ப்ரா."

பரவாயில்லை என்று அர்த்தம். இந்த நாட்டில் பஸ் தவறினாலும் தெ கோர் ப்ராதான், வீடு எரிந்தாலும் தெ கோர் ப்ராதான். எது எந்தப் பரவாயில்லை என்று பிரித்தறிய யோகராசாவுக்கு முப்பத்துமூன்று வருடம் போதவில்லை.

ஹால்வோர் அவருடைய வருங்காலச் சம்பந்தி. ஹால்வோரின் மகன் எய்ரிக்கும் யோகராசாவின் ஒரே மகள் ராகவியும் நான்கு வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள். இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்தது அன்றைக்குத்தான், மோர்டென்ஸ்ருட்டில் ஹால்வோரின் வீட்டில். மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள். இரண்டும் தீர்ந்துபோனதும் ஹால்வோர் எழுந்து, "கராஜுக்கு வாருங்கள், உங்களுக்குப் பிடித்த சாமான் ஒன்று இருக்கிறது," என்று கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்தது ஈயம் உருக்கும் சட்டி. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, பழங்காலத் துவக்குக்குச் சன்னம், அதாவது துப்பாக்கிக் குண்டு, வார்ப்பதாம்; ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வைத்து வட்டம் கீறின கடதாசியைச் சுடுவதாம். வெள்ளீயம் கொஞ்சம் சேர்த்தால் சன்னம் மழமழவென்று வருமாம். இந்த நாட்டில் சிலர் கம்பளிச் சட்டை பின்னுகிறார்கள், சிலர் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள், சிலர் சன்னம் வார்க்கிறார்கள். எல்லாம் பொழுதுபோக்கு.

யோகராசாவின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவர். வேறு யாரையோ தேடி வந்த சன்னம் அவரைக் கண்டெடுத்தது. அன்றிலிருந்து யோகராசா சன்னம் என்ற சொல்லைக்கூட வாயில் எடுத்ததில்லை. ராகவி சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் சண்டைக் கதையை விட்டுவிட்டு மாம்பழக் கதை சொன்னவர். ஆனால் மகளின் மாமனார் இன்னும் சூடாறாத சன்னம் ஒன்றைக் கையில் வைத்து, "எப்படி?" என்று கேட்டபோது, "வடிவாக இருக்கிறது," என்று சொல்லிவிட்டார். மகளைப் பெற்றவனுக்கு நாக்கு தன் சொந்தச் சொத்தல்ல.

திரும்பி வரும்போது ட்டி-பான என்கிற நிலத்தடி ரயிலில் மங்களேஸ்வரி விசாரணையைத் தொடங்கினாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?"

நடந்ததைச் சொன்னார்.

"தெ கோர் ப்ரா எண்டவரோ? எப்பிடிச் சொன்னவர்? சிரிச்சுக்கொண்டோ?"

"சிரிக்கேல்லை. விரலை மடக்கினவர்."

மங்களேஸ்வரி முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்பவள். "எங்கடை இல்லத்திலை டொக்டர் உப்பிடிச் சொன்னாரெண்டா, ரெண்டு நாளிலை கட்டில் காலியாகும்," என்றாள்.

அடுத்த நாள் ராகவி தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, கராஜுக்குள்ளை என்ன செய்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"ஹால்வோர் நேற்றிலையிருந்து ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லையாம். வாற சனிக்கு மற்றச் சனி கலியாணத் திகதி வைக்கிறதெண்டு சொன்னவை. இப்ப அதைப் பற்றி எய்ரிக் கேட்டா வாயே திறக்கிறாரில்லையாம்." அவள் குரல் உடைந்தது. "அப்பா, இதைக் கெடுத்துப்போடாதேங்கோ."

அந்தக் கடைசி வரிதான் யோகராசாவின் நித்திரையைத் தின்றது. போட்ட ஒரு கிலோ வெள்ளீயத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்று அவர் முடிவு செய்தார். அதுவும் கேளாமல், சொல்லாமல், போகும்போது கையில் கொண்டுபோக வேண்டும். அதுதான் மரியாதை.

வேட்டைச் சாமான் விற்கும் கடையில் விலை கேட்டார். கேட்டுவிட்டு, தான் கேட்டது வெள்ளியின் விலையோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் கேட்டார். அதே விலை. நன்றி சொல்லிவிட்டு, கடை வாசலில் தடுக்கி வெளியே வந்தார்.

அடுத்ததாகப் போனது குரோருட்டில் ஞானரட்ணத்தின் பலசரக்குக் கடைக்கு. ஒஸ்லோவில் ஞானரட்ணத்துக்குத் தெரியாத சாமானுமில்லை, அவர் வாயில் தங்கின கதையுமில்லை.

"மலிவா வெள்ளீயம் எங்கை எடுக்கலாம், ஞானம்?"

"வெள்ளீயமோ யோகண்ணை? என்னத்துக்கு? கோயில் பாத்திரத்துக்கு ஈயம் பூசவோ?"

யோகராசா உண்மையைச் சொல்லப் பழகியவர். பாதி உண்மை என்றாலும் சொல்லிவிடுவார். "இல்லை. சன்னம் வார்க்க."

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கையை எடுத்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் யாரோ இருமுவதை நிறுத்தினார்கள்.

ஞானரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "ஆருக்கண்ணை?"

மகளின் கலியாணம் இன்னும் முற்றாகவில்லை. முற்றாகாத சம்பந்தத்தைப் பலசரக்குக் கடையில் அவிழ்க்க எந்தத் தகப்பனும் துணியமாட்டான். "அதைச் சொல்லேலாது," என்றார்.

"கேக்கேல்லை, கேக்கேல்லை!" ஞானரட்ணத்தின் கண்கள் விரிந்தன. "நீங்களா இருப்பியள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. கையெடுத்துக் கும்பிடோணும். அண்ணை, கேளுங்கோ. நோர்வேக்காரன் பியர் குடிக்கிற பழைய கோப்பையள், பெரிய தட்டுகள், உதெல்லாம் அரைவாசிக்கு மேலை வெள்ளீயம்தான். கலியாணத்துக்கும் உதைத்தான் குடுக்கிறவங்கள், வேலையாலை இளைப்பாறினாலும் உதைத்தான் குடுக்கிறவங்கள். பிறகு ஆள் செத்தவுடனை பிள்ளையள் கொண்டுவந்து பழஞ்சாமான் சந்தையிலை எறியுங்கள். பள்ளிக்கூடங்களிலை இப்ப சனி ஞாயிறு சந்தைதான்."

யோகராசா நன்றி சொன்னார். அவர் வெளியேறும்போது ஞானரட்ணம் கதவைத் திறந்து பிடித்தார். பதினைந்து வருடத்தில் அவர் யாருக்கும் கதவு பிடித்ததில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் சந்தை. செத்தவர்களின் கதிரைகள், செத்தவர்களின் கண்ணாடிகள், செத்தவர்களின் பனிச்சறுக்குச் சப்பாத்துகள். யோகராசா நான்கு கோப்பைகளும் ஒரு தட்டும் ஒரு மெழுகுதிரிக் காலும் பொறுக்கினார். தட்டில் எழுத்து வெட்டியிருந்தது: 'குன்வோருக்கு, இருபத்தைந்து வருட உண்மையான சேவைக்கு.' குன்வோர் யாரோ. இருபத்தைந்து வருடமும் ஒரு பழைய வாழைப்பழப் பெட்டிக்குள் கிடந்தது. யோகராசா மனதுக்குள் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாங்கினார்.

மங்களேஸ்வரி வேலைக்குப் போனதும் அவளுடைய கறிச்சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார். கோப்பைகள் நல்ல பிள்ளைகள்போல் உருகின. தட்டும் உருகியது. மெழுகுதிரிக் கால்தான் துரோகம் செய்தது. வெளியே வெள்ளீயப் பூச்சு, உள்ளே ஏதோ பிளாஸ்டிக். கரும்புகை எழும்பியது. யோகராசா பல்கனிக் கதவைத் திறந்தார். புகை வெளியே போகாமல், மேல்வீட்டுப் பல்கனியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் போய்க் கட்டிப்பிடித்தது.

உருகியதை ஊற்ற வேறு அச்சு இல்லாததால் மங்களேஸ்வரி கேக் சுடும் குழித்தட்டில் ஊற்றினார். ஆறின பிறகு கவிழ்த்தால் எட்டுக் குட்டிக் கேக்குகள். வெள்ளி நிறம். தராசில் வைத்தார். ஒரு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு.

மங்களேஸ்வரி வந்து சட்டியைப் பார்த்தாள். மணத்தைப் பிடித்தாள்.

"இனி உந்தச் சட்டியிலை ஆர் சமைக்கிறது?"

"கழுவினாப் போகும்..."

"உங்களைத்தான் கழுவோணும். கேக் தட்டையும் விடேல்லையோ?"

"மகளுக்காகத்தானே மங்களம்."

அவள் சட்டியைக் குப்பைப் பைக்குள் வைத்துக் கட்டினாள். ஒரு பிரேதத்தைக் கட்டுவதுபோலப் பக்குவமாகக் கட்டினாள்.

இதற்குள் ஞானரட்ணத்தின் வாய் தன் கடமையைச் செய்திருந்தது. கோயிலில் சிலர் யோகராசாவைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். சிலர் கண்டதும் எழும்பிப் போனார்கள். ஒருவர் பிரசாதத்தை நீட்டியபடி, "திரும்பத் துவங்கியாச்சோ?" என்று காதுக்குள் கேட்டார். இன்னொருவர் கோயில் நிர்வாகத்தின் சார்பில், பொங்கல் கமிட்டியிலிருந்து கொஞ்சக் காலம் ஒதுங்கியிருக்கும்படி வினயமாகக் கேட்டுக்கொண்டார். யோகராசாவுக்கு இரண்டும் விளங்கவில்லை. விளங்கியது செவ்வாய்க்கிழமை, அல்பேர்ட் வீட்டுக்கு வந்தபோது.

அல்பேர்ட் மன்னார்க்காரர். எழுபது தாண்டியவர். கடைசிச் சண்டையில் ஊரில் நின்ற மகனை இழந்தவர். பிறகு யார் வீட்டுக்கும் போகாதவர். துவாயில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார்.

"தம்பி, ஞானம் சொன்னவன். நான் ஒண்டும் கேக்கேல்லை. நீரும் ஒண்டும் சொல்லவேண்டாம். என்னட்டை இருக்கிற வெள்ளீயம் உதொண்டுதான்."

துவாயை விரித்தார். மீன் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் முடித்ததற்குக் கொடுத்த தட்டு. அவருடைய பெயர் வெட்டியிருந்தது.

தான் இயக்கத்துக்குச் சன்னம் வார்ப்பதாகச் சனம் நம்பியிருப்பது யோகராசாவுக்கு அப்போதுதான் வெளித்தது. எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு முன்னால் ஒன்றும் வரவில்லை.

"அல்பேர்ட் அண்ணை, இது அதுக்கில்லை. ஒரு நோர்வேக்காரர் ஞாயிற்றுக்கிழமையிலை வெளியிலை நிண்டு கடதாசியைச் சுடுறதுக்கு."

"கடதாசியையோ?"

"ஓம். வட்டம் கீறின கடதாசி. பொழுதுபோக்கு."

அல்பேர்ட் தட்டில் வெட்டியிருந்த தன் பெயரை விரலால் தடவினார். "கடதாசிக்குப் பின்னாலை ஒருத்தரும் நிக்கிறேல்லையோ?"

"இல்லையண்ணை. மண்மேடு மட்டும்தான்."

"சும்மா சுட்டுப்போட்டு வீட்டை போறதோ?"

"ஓம். கோப்பி குடிச்சிட்டு."

அல்பேர்ட் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். எழுந்தார். "அப்பிடியெண்டா நல்லது தம்பி. அப்பிடியெண்டாப் பரவாயில்லை. உருக்கும்," என்றார். தட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

யோகராசா அதை உருக்கவில்லை. அடுத்த நாள் மங்களேஸ்வரி அதைத் துலக்கி, வெறுந்தட்டாய்க் கொடுக்கக்கூடாதென்று மேலே பயித்தம் பணியாரம் அடுக்கி, அல்பேர்ட் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மிச்ச இருநூறு கிராமுக்கு யோகராசா ஒரு பழஞ்சாமான் கடைக்குப் போய் இன்னொரு செத்தவரின் கோப்பையை வாங்கினார். இந்த முறை பல்கனியில், முகாம் அடுப்பில் உருக்கினார். கேக்குகள் பத்தாயின.

வியாழக்கிழமை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பொலிஸ். உயரமான ஒரு பெண், பக்கத்தில் மீசை முளைக்கத் தொடங்கிய ஓர் ஆண். யோகராசா வணக்கம் சொல்வதற்குள் அவருடைய இரண்டு கைகளும் அவரைக் கேளாமலே தலைக்கு மேலே போய்விட்டன.

"கையைக் கீழே விடலாம்," என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் வெட்கப்பட்டு. "மேல்வீட்டார் புகை மணம் என்று சொன்னார்கள். நீங்கள் சன்னம் செய்வதாகவும் யாரோ சொன்னார்கள்."

"சன்னம் இல்லை. வெள்ளீயம் மட்டும்தான்."

"அது குற்றமில்லை. பல்கனியில் அடுப்பு மூட்டுவதுதான் வீட்டுச் சங்க விதிக்கு ஆகாது." அவள் சிரித்தாள். "யாருக்காகச் செய்கிறீர்கள்? அனுமதி உள்ளவர் என்றால் பெயரைச் சொல்லுங்கள், ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்துவிடலாம்."

அவள் நல்ல பிள்ளை. அது யோகராசாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் அப்போது ஒஸ்லோவில் நிற்கவில்லை. ஊர்ப் பாடசாலை முற்றத்தில், வெயிலில், வரிசையில், சாக்கால் முகம் மூடி, இராணுவத்துக்குத் தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் நின்றார். பெயர் கேட்டால் பெயர் சொல்லக்கூடாது. அது ஒன்றுதான் அவர் சண்டையில் கற்ற போர்க்கலை.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"யாருக்கென்று தெரியாமலா ஒரு கிலோ உருக்கினீர்கள்?"

"தெரியாது."

"நண்பரா?"

"எனக்கு நண்பர் ஒருவருமில்லை."

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. குறிப்புப் புத்தகத்தில் நிறைய எழுதினாள். திங்கட்கிழமை மறுபடி வருவதாகச் சொன்னாள். மீசைக்காரன் போகும்போது கதவு எண்ணைப் படமெடுத்தான்.

அன்று பின்னேரமே ராகவி வந்துவிட்டாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, ஹால்வோர் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சிருக்குமே!"

"காட்டிக்குடுக்கிறதோ பிள்ளை? சம்பந்தியையோ?"

"ஐயோ, அவருக்கு லைசென்ஸ் இருக்கும் அப்பா! இது நோர்வே!"

"எல்லா நாடும் ஒரு நாள் மட்டும்தான் இது நோர்வே எண்டு இருக்கும்," என்றார் யோகராசா. சொன்ன பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை.

ராகவி சுவரோடு சாய்ந்து அழுதாள். "கோயிலிலை உங்களைப் பற்றி ஒரு கதை. வீட்டை பொலிஸ். அங்கை ஹால்வோர் கதைக்கிறாரில்லை. எனக்குக் கலியாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

மகள் அழும்போது யோகராசாவுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தோளில் கை வைத்தார். "சனிக்கிழமை போவம் பிள்ளை. நான் எல்லாத்தையும் சரிக்கட்டுறன்," என்றார். இந்த இரண்டு வாரமாக அவர் சரிக்கட்டியதெல்லாம் எப்படி முடிந்தது என்பது இருவருக்கும் தெரியும். அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

சனிக்கிழமை பத்து வெள்ளீயக் கேக்குகளைப் பலசரக்குப் பையில் போட்டுக்கொண்டு, மங்களேஸ்வரியோடும் ராகவியோடும் மோர்டென்ஸ்ருட்டில் இறங்கினார். கதவைத் திறந்தது எம்மா, எய்ரிக்கின் அக்கா. ஸ்தவாங்கரில் தாதி, திகதி வைக்கிற நாளென்று அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். முதல்முறை இவர்கள் வந்தபோது அவள் இல்லை.

"கேக்கா? எவ்வளவு நல்லவர் நீங்கள்!" என்று பையை வாங்கினாள். பை அவளையும் இழுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனது.

சத்தம் கேட்டு ஹால்வோர் வந்தார். உருண்டு கிடந்த வெள்ளிக் கேக்குகளைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் ஆள் மெலிந்திருந்தார். அவருடைய முகம், பல்லுப் பிடுங்கக் கூப்பிடப்பட்டவனின் முகம்போல் ஆனது.

"வெள்ளீயம்," என்றார் யோகராசா. "ஒரு கிலோ. நான் பாழாக்கியதற்கு."

"அப்படியென்றால்..." ஹால்வோர் கராஜ் பக்கம் பார்த்தார். "இன்றைக்கும் வார்க்கவேண்டுமா?"

"உங்களுக்கு விருப்பமென்றால்."

"உங்களுக்கு விருப்பமென்றால்."

ஹால்வோர் மெதுவாகப் போய்க் கராஜ் கதவைத் திறந்து பிடித்தார். யோகராசா, முதலில் நீங்கள் என்று கையைக் காட்டினார். ஹால்வோர், இல்லை நீங்கள் என்றார். உள்ளேயிருந்த இருட்டுக்குள் போக இரண்டு பேருக்கும் கால் எழவில்லை. நடைபாதையில் எய்ரிக் தலையைக் குனிந்து நின்றான். ராகவி அவன் கையைப் பிடித்தாள்.

யோகராசாவால் அதற்கு மேல் முடியவில்லை. ஹால்வோரிடம் கேட்டால் மறுபடியும் தெ கோர் ப்ராதான் வரும். நிலத்தில் கேக் பொறுக்கிக்கொண்டிருந்த எம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உன் அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு கோபம்? இந்தக் கலியாணம் நடக்குமா, நடக்காதா?"

எம்மா தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் நிமிர்ந்து, இந்த நாட்டு வழக்கப்படி வயது பாராமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கோபமா? நீங்கள் சண்டையைப் பற்றி வாயே திறக்காத ஆள் என்று ராகவி சொல்லியிருக்கிறாள், யோகராசா; அதைக் கேட்டு நீங்கள் பெரிய போராளியாக இருந்திருப்பீர்கள், மழையையும் வெயிலையும் பற்றிப் பேசினால் உங்களுக்கு அலுத்துவிடும் என்று பயந்து, அந்தச் சட்டியையும் ஈயத்தையும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்தவர் அப்பா; அந்தப் பொய் உங்களிடம் பிடிபட்டிருக்கும் என்ற வெட்கத்தில்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை; எங்கள் வீட்டில் துவக்கே கிடையாது."